ஒன்பதாவது பிரதி

புத்தகத்தைப் பார்த்ததும் அவர் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்.

பழைய புத்தகம் தேடி அலைகிறவர்களுக்கு இதுதான் முதல் பாடம். ஆசையைக் காட்டினால் போச்சு. கடைக்காரர் அதைக் கையில் எடுத்து, தூசி தட்டி, நம் முகத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்.

அதனால் உக்கடத்து நடைபாதைக் கடை முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு சமையல் புத்தகத்தைப் புரட்டினார். ரசப்பொடிக்கு எவ்வளவு மல்லி என்று அக்கறையாகப் படித்தார்.

கண் மட்டும் இரண்டு அடுக்கு தள்ளி நின்றது.

மூன்றாம் நிலவின் தபால்காரர். எழுதியவர் ஆதிரைநாதன்.

அந்தப் பெயரை இன்று யாருக்கும் தெரியாது. ஐம்பது வருடம் முன்பு நாலு விஞ்ஞான நாவல் எழுதிவிட்டுச் செத்துப்போன மனிதர். ஒவ்வொன்றும் ஐந்நூறு பிரதி. அதில் பாதி கரையானுக்குப் போயிருக்கும்.

இந்த நாவலில் மட்டும் இவரிடம் எட்டுப் பிரதி இருந்தது. நூலக முத்திரை குத்தியது ஒன்று. கடைசிப் பக்கங்கள் தலைகீழாகத் தைக்கப்பட்டது ஒன்று. யாரோ ஒரு செல்வநாயகி, தன் பெயரை மூன்று இடத்தில் எழுதிவைத்தது ஒன்று.

எட்டுப் பிரதி. பேச ஓர் ஆள் இல்லை.

வேலையில் இருந்தபோது ஒருமுறை ஆரம்பித்துப் பார்த்தார். "நிலாவுங்களா? ஜோசியப் புஸ்தகமா?" என்றார் பக்கத்து மேஜைக்காரர். மனைவி இருந்தவரை புத்தகங்களுக்குத் துணி போட்டுத் துடைத்துக் கொடுத்தாள். படித்ததில்லை. இப்போது துடைக்கவும் ஆளில்லை.

நாவலில் ஓர் இடம் வரும். எல்லோரும் ஊரைக் காலி செய்துவிட்டுப் போன நிலவில், அந்தத் தபால்காரர் மட்டும் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டு போவார். அந்த இடத்தைப் பற்றி யாரிடமாவது பேசவேண்டும் என்று இருபது வருடமாக இவருக்குத் தவிப்பு. உண்மையைச் சொன்னால் ஞாயிறுதோறும் அதற்காகத்தான் வருகிறார். புத்தகம் ஒரு சாக்கு.

ஒரு கை நீண்டு அந்தப் புத்தகத்தை எடுத்தது.

ஐம்பது வயதிருக்கும் அவளுக்கு. தோளில் துணிப்பை. அட்டையை விரலால் தடவினாள். பிறகு இவர் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, இத நீங்க படிச்சிருக்கீங்களா?"

இருபது வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி.

அவர் நாக்கில் சனி உட்கார்ந்தது.

"இல்லீங்க," என்றார். "இதையெல்லாம் யாருங்க படிப்பாங்க? சும்மா கட்டுக்கதை."

பழக்கதோஷம். தனக்கு வேண்டிய புத்தகத்தில் வேறொருவர் கைவைத்தால் உடனே அதை மட்டம் தட்டவேண்டும். வாய் முந்திக்கொண்டது. மனசு பின்னால் வந்து சேர்ந்தது.

அவள் தலையசைத்தாள். புத்தகத்தை இருந்த இடத்திலேயே வைத்தாள். பஸ் ஸ்டாண்டு பக்கமாக நடந்து போனாள்.

கொஞ்ச நேரம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இப்போது அவருக்கே அவமானம்.

சமையல் புத்தகத்தை மேலே வைத்து, தபால்காரரை அடியில் மறைத்து, கடைக்காரர் சம்சுதீன் பாயிடம் நீட்டினார்.

பாய் அடியில் இருந்ததை உருவி எடுத்தார்.

"இது நம்ம கடையுது இல்லீங்க. இப்பப் போனாங்களே, அந்தம்மா கொண்டாந்தது."

"அவங்களா?"

"காலைல கொண்டாந்து அடுக்குல வெச்சாங்க. இதப் படிச்ச ஒரு ஆளயாச்சும் பாக்கோணுமாம். வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் கேட்டுட்டே நின்னாங்க. சரி, கடைசியா இனி ஒருத்தர்கிட்ட கேட்டுட்டுப் போயிர்றேன்னாங்க. அப்பத்தான் நீங்க வந்தீங்க."

அவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"வுட்டுட்டே போயிட்டாங்க போல. காசு வேண்டாம், நீங்க எடுத்துக்குங்க. படிச்சதில்லைன்னீங்களே, படிச்சுப் பாருங்க."

அவர் ஓடினார். அறுபத்தாறு வயது முழங்காலோடு, வேட்டியை ஒரு கையிலும் புத்தகத்தை மறுகையிலும் பிடித்துக்கொண்டு ஓடினார்.

ஒரு பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஜன்னலோரம் அவள்.

அவர் புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். சொல்ல வாயைத் திறந்தார். மூச்சுத்தான் வந்தது.

மறந்துவிட்ட பொருளைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள். கையை ஆட்டி மறுத்தாள்.

"நீங்களே வெச்சுக்குங்க," என்றாள். "மொத முப்பது பக்கம் கொஞ்சம் பொறுத்துப் படிங்க. அதுக்கப்புறம் அதுவே இழுத்துட்டுப் போயிரும்."

பஸ் நகர்ந்தது.

படிக்கிறேன் என்று அவர் தலையாட்டினார்.