மரங்கொத்தியின் கன்னிப்பேச்சு

காடெங்கும் பொந்து குடைந்து விற்றே பெரும் பணக்காரரான மரங்கொத்தி செங்கோடனார், காக்கைக் கட்சியில் சேர்ந்தார். அவர்கள் கூட்டம் போடும் கிளை உள்ளே உளுத்துக் கிடந்தது. அதைச் சொல்லத்தான் வந்தார், பாவம்.

"இந்தக் கிளை..." என்று ஆரம்பித்ததுமே செயலாளர் காக்கை அவர் வாலைப் பிடித்து இழுத்தது. "அண்ணே, முதல்ல மேடையில இருக்கறவங்க பேரைச் சொல்லுங்க!"

தன் தொழிலில் அவர் ஒரு தட்டுத் தட்டினால் போதும், வேலை நடக்கும். இங்கே "தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே" என்று மேடையிலிருந்த எட்டுப் பேரில் ஏழு பேரை முடித்தபோதே கிளை மடமடவென்று முறியத் தொடங்கியது.

"எல்லாரும் பறந்துடுங்க!" என்று அலறினார். ஒருவர் விடாமல் தப்பித்தார்கள்.

மறுநாள் கட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது: 'எட்டாவது பெயரை விட்டது ஏன்?'

பதில் எழுத ஓர் ஆலிலையை எடுத்தார். எட்டுப் பேரையும் விளித்து முடித்தபோது இலையில் இடமில்லை.