வீட்டில் இருப்போர்

"உங்க மகன் சின்னதுரை விஷயமா வந்திருக்கேம்மா"ன்னு அரங்கநாதன் சொன்னதும், தண்ணி கொண்டாந்த பொண்ணு சொம்ப வாசல்லயே வச்சுட்டு உள்ள போயிடுச்சு. இருபத்தஞ்சு வயசு இருக்கும். தாழ்ப்பாள் போடுற சத்தம் கேட்டுச்சு.

கெங்கம்மா நின்ன இடத்துலயே நின்னா.

அரங்கநாதன் விழுப்புரத்துல நன்னடத்தை அதிகாரி. ஒரு கைதிய முன்கூட்டியே விடலாமான்னு வீடு தேடிப் போய் விசாரிச்சு எழுதுறது அவர் வேல.

சின்னதுரை கடலூர் ஜெயில்ல இருக்கான். ஆயிரத்தித் தொள்ளாயிரத்து அம்பத்தெட்டுல, களையெடுக்க வந்த ஒரு பொண்ணுகிட்ட பண்ண அக்கிரமத்துக்கு ஏழு வருஷம். நாலு முடிஞ்சிருச்சு.

"பையன் திருந்திட்டாம்மா. தறி நெய்யக் கத்துக்கினான். சேத்துக்கிறேன்னு ஒரு கைநாட்டு வைங்க, பொங்கலுக்கு வந்துடுவான்."

"சாப்புடுறானா?"

"சாப்புடுறான்."

"மார்கழியில இருமுவானே?"

"இப்ப இல்லம்மா."

முந்தானையால மூஞ்சத் தொடச்சுக்கினா. அப்புறம் சொன்னா: "வேணாங்கய்யா. இங்க அனுப்பாதீங்க."

எவ்ளோ சொல்லியும் கேக்கல.

அப்பன் வேணாம்னதப் பாத்திருக்காரு. பொண்டாட்டி வேணாம்னதப் பாத்திருக்காரு. பெத்தவ வேணாம்னது இதான் மொத தடவ.

காரணம்ங்கிற இடத்துல 'பெற்ற பாசம் இல்லை'ன்னு எழுதிட்டுக் கிளம்பிட்டாரு.

கெடார் பஸ் நிறுத்தத்துல நிக்கிறாரு, கெங்கம்மா மூச்சு வாங்க ஓடியாந்தா. மடியிலேர்ந்து ஒரு துணி முடிச்ச எடுத்து நீட்டினா. வறுத்த மல்லாட்டை, வேர்க்கடலை. சூடுகூட ஆறல.

"அவனுக்கு உசிருங்க. நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. சொன்னா வந்து நின்னுடுவான்."

அவருக்குக் கோவமே வந்துடுச்சு. "இவ்ளோ ஆசைய வச்சுக்கினு ஏம்மா? தண்ணி கொண்டாந்துச்சே, அந்தத் தங்கச்சி கல்யாணம் நின்னுடும்னு பாக்குறீங்களா? ஆனா பைல்ல உங்களுக்கு ஒரே புள்ளன்னுதான இருக்கு?"

பஸ் வந்து நின்னுச்சு.

"ஒரே புள்ளதாங்க. அந்தப் பொண்ணு பேரு உங்க கேஸ் கட்டுல மொத பக்கத்துலயே இருக்கும். கோர்ட்டுல சாட்சி சொல்லிட்டு வந்த அன்னிக்கு அவங்க வீட்டுல கதவத் தொறக்கல. அது எங்கய்யா போவும்?"

பஸ்ஸுல ஏறி உக்காந்து பைலத் தொறந்தாரு. மொத பக்கத்துல அந்தப் பேரு இருந்துச்சு.

அப்புறம், எழுதின காரணத்த அடிச்சாரு.

'வீட்டில் இருப்போர்'ங்கிற இடத்துல, தாய்க்குக் கீழ 'மகள்'னு எழுதினாரு.

பேர் எழுதல.