தெருவில் உட்கார்ந்தவர்கள்

அவள் நிதுர்ஷாவின் தலையைத் தரையோடு அமுக்கிப் பிடித்திருந்தாள்.

கல் பாவிய தெரு. இரவு பெய்த மழை இன்னும் காயவில்லை.

மற்றக் கையால் மிச்சப் பிள்ளைகளையும் எட்டி இழுத்தாள்.

"படுங்கோ! விழுந்து படுங்கோ!"

மறுபடி வெடித்தது.

எதுவும் வந்து விழவில்லை. மண் தெறிக்கவில்லை. எவரும் கத்தவில்லை. எங்கோ ஒரு பாண்ட் வாத்தியம் நிற்காமல் வாசித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. இது நோர்வே. பேர்கன் நகரம்.

காலையிலிருந்து நல்ல நாளாகத்தான் இருந்தது. இலங்கையின் வன்னிப் பள்ளிக்கூடம் ஒன்றிலிருந்து அவள் நிதுர்ஷா உட்பட நான்கு பிள்ளைகளைக் கூட்டிவந்திருந்தாள். இங்குள்ள ஒரு பள்ளிக்கூடம் அழைத்திருந்தது. அந்தப் பள்ளி ஆசிரியை பெரிட் வீட்டில்தான் தங்கல். இன்று இந்த நாட்டின் தேசிய நாள். பாட்டுக் கேட்டு எழும்பினார்கள். கயிற்று ரயிலில் மலை உச்சிக்குப் போனார்கள். கீழே ஊருக்குள் கடல் விரல் விரலாக நுழைந்து கிடந்தது. நிதுர்ஷா அதைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். பிறகு இறங்கி, சிறுவர் ஊர்வலம் பார்க்கத் தெருவோரம் வந்து நின்றார்கள். எல்லோர் கையிலும் கொடி. எல்லோர் வாயிலும் ஐஸ்கிரீம்.

கோட்டையில் பீரங்கி வெடிக்கும் என்று பெரிட் சொல்லவில்லை. மறைத்ததல்ல. வருடா வருடம் கேட்கிற சத்தம், அவள் காதில் அது பண்டிகை.

இப்போது தெருவே பார்த்தது.

அவளுக்கு எழும்ப வேண்டும் போலிருந்தது. கை நிதுர்ஷாவின் தலையை விடவில்லை. நல்ல நாளுக்கென்று உடுத்த பட்டுச் சேலை ஈரத்தில் ஊறிக்கொண்டிருந்தது. வெட்கத்தில் முகம் எரிந்தது. பிள்ளைகளை அழைத்துவந்த ஆசிரியை. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, தெருவில்.

பெரிட் குனிந்தாள். ஆங்கிலத்தில், மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"இது மரியாதை வேட்டு. வெறும் சத்தம். இன்னும் கொஞ்ச நேரம் கேட்கும். நான் முதலே சொல்லியிருக்க வேண்டும்."

சொல்லிவிட்டுத் தன்னைத் தூக்கி நிறுத்துவாள் என்று அவள் நினைத்தாள்.

பெரிட் தூக்கவில்லை. பூவேலை செய்த தன் கம்பளிப் பாவாடையோடு பக்கத்தில், அந்த ஈரக் கல்லிலேயே உட்கார்ந்தாள்.

அதைப் பார்த்த ஒரு முதியவர் தொப்பியைக் கழற்றினார். யாரென்று தெரியாது. ஊன்றுகோலைப் பிடித்து, ஒரு காலை மடக்கி, பிறகு மற்றக் காலை மடக்கி, பெருமூச்சோடு அமர்ந்தார்.

பிறகு தள்ளுவண்டியில் குழந்தையோடு நின்ற ஒரு தாய்.

பிறகு அவளுக்குப் பின்னால் நின்றவர்கள்.

யாரும் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. ஊர்வலம் என்றால் உட்கார்ந்துதான் பார்ப்பது என்பதுபோல அந்தத் தெருவோரம் முழுக்க உட்கார்ந்துவிட்டது.

அடுத்த வேட்டு.

பெரிட்டின் கை அவள் முதுகில் வந்தது. தடவவில்லை. வெறுமனே இருந்தது.

போரின் கடைசி மாதங்களில், கடலுக்கும் களப்புக்கும் நடுவே இருந்த மணலில், இப்படித்தான் தங்கச்சியின் தலையை அமுக்கிப் பிடித்தாள். சத்தம் அடங்கியதும் கையை எடுத்தாள். தங்கச்சி எழும்பவில்லை. சனம் அவர்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. அவர்களில் பிழை இல்லை. அங்கே நின்றவர்கள் செத்தார்கள். அவளும் எழும்பி ஓடினாள்.

நிதுர்ஷா அப்போது கைக்குழந்தை.

இப்போது அவள் கைக்குக் கீழே அந்தத் தலை அசைந்தது.

"ரீச்சர், எனக்கு ஒண்டும் இல்லை. இஞ்ச பாருங்கோ. பிள்ளையள் வருகினம்."

கையை எடுத்தாள்.

நிதுர்ஷா எழும்பி உட்கார்ந்தாள். கன்னத்தில் கல்லின் அச்சு. சிரித்தாள்.

பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். முதலாம் வகுப்பு. பாதிப் பேர் கொடி ஆட்டினார்கள், பாதிப் பேர் கை. ஒருவன் சப்பாத்து கழன்று நின்றான். வரிசையே அவனுக்காக நின்றது.

வெடித்துக்கொண்டுதான் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் கண் தானாக மூடித் திறந்தது. ஆனாலும் பார்த்தாள். கடைசிப் பிள்ளை போகும்வரை பார்த்தாள்.

எல்லோரும் எழும்பிப் பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டார்கள். முதியவருக்கு எழும்ப முடியவில்லை. அவள்தான் கை கொடுத்தாள். அவர் முழுப் பாரத்தையும் அந்தக் கையில் போட்டு எழும்பினார்.

எழும்பியதும், "தக்" என்றார்.

அவர்கள் மொழியில் நன்றி. இங்கே வந்து அவள் முதலில் படித்த சொல். அதை அவள்தான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். அவரும் இழுக்கவில்லை.

பின்னேரம் பெரிட் வீட்டில் கேக் வெட்டினார்கள். பிள்ளைகள் பாடினார்கள். அவளும் கை தட்டினாள்.

பாட்டு ஓய்ந்தபோது பெரிட்டிடம் போனாள்.

"வீட்டில் அரிசி இருக்குமா? நாளைக்கு எங்கள் ஊரில் எல்லோரும் கஞ்சி காய்ச்சுவார்கள். செத்தவர்களுக்காக."

நாளை மே பதினெட்டு, போர் முடிந்த நாள். பதினைந்து வருடங்களாக அன்றைக்கு அவள் கதவைச் சாத்திக்கொள்வாள். கஞ்சி கொண்டுவந்து தட்டுகிறவர்களுக்கும் திறந்ததில்லை.

"நீங்களும் குடிக்க வேண்டும்" என்றாள். "பக்கத்து வீடுகளில் இருப்பவர்களும் வரலாம்."

பெரிட் அலுமாரியைத் திறந்து, வீட்டில் இருந்த ஆகப் பெரிய பானையை இரண்டு கையாலும் எடுத்து அடுப்பில் வைத்தாள்.

"என்னென்ன போட வேண்டும்?"

"அரிசி. தண்ணீர். உப்பு."

"அவ்வளவுதானா?"

"அன்றைக்கு அவ்வளவுதான் இருந்தது."