கொட்டுச் சத்தம்

தெரு காய்ந்து கிடந்தது. டி.வி. செய்தியில் அதே தெரு இடுப்பளவு வெள்ளத்தில் கிடந்தது. செய்திக்குப் பின்னணியாக இழவு வீடு மாதிரி கொட்டுச் சத்தம். சங்கிலிமுத்துக் கிழவரின் மகளுக்குப் பூ வைக்கப் புறப்பட்ட மாப்பிள்ளை வீட்டார், வழியில் டீக்கடை டி.வி.யில் அதைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

"அது போன வருசத்து வெள்ளம், சம்பந்தி! இங்க புழுதி பறக்குது" என்று கத்தி, வீடியோ போனிலேயே தெருவைக் காட்டினார் கிழவர்.

"உங்க போன்ல பாத்தா வெறும் தெருவாத்தான் தெரியுது. டி.வி.யில பாத்தா நெஞ்சு படபடங்குதே! பொம்பளைகளக் கூட்டிக்கிட்டு நீந்தியா வரச் சொல்றீங்க? இன்னொரு நாள் பாப்போம்."

"கொட்டடிச்சுச் சொன்னா எதையும் நம்பிருவீங்களோ?" கிழவருக்குக் குரல் கிழிந்தது. "பச்சைச் சேலைக்காரி ஒருத்தி அரிசி மூட்டையைத் தலையில வச்சுக்கிட்டு வருவா, நல்லாப் பாருங்க. அவ என் பொஞ்சாதி மாடத்தி. தை மாசம் எரிச்சுட்டு வந்தோம்."

டீக்கடைக் கொட்டுக்கு நடுவே, "அந்தா பச்சைச் சேலை" என்று யாரோ சொன்னது போனில் கேட்டது. பிறகு, "எந்திரிங்க எல்லாரும், பொண்ணு வீட்டுக்குக் கிளம்புவோம்" என்று சம்பந்தி யாரிடமோ சொன்னார்.

கிழவர் டி.வி. பக்கம் திரும்பினார். மாடத்தி மறுபடி வந்தாள். காமிராவைப் பார்த்து வாயசைத்து என்னமோ சொன்னாள். மகள் ஓடிவந்து சத்தத்தைக் கூட்டினாள். கொட்டுதான் கூடியது.

"நிறுத்துங்கடா அந்தக் கொட்டை!" என்று டி.வி.யைப் பார்த்துக் கத்தினார் கிழவர். "அவ பேசுறால்ல!"