நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

"இவளெல்லாம் ஒரு தாயா?"

டீச்சர் மேஜையைத் தட்டியதில் டீ கப்புகள் குலுங்கின. ரிட்டயராகிப் பத்து வருஷம் ஆகியும் குரல் மட்டும் இன்னும் வகுப்பை விட்டு வரவில்லை.

நூலகத்தில் சனிக்கிழமை வாசகர் கூட்டம். ஏழு பேர், ஒரே நாவல், அதுவும் ஒரே பிரதி. ஒவ்வொருவராக வாங்கிப் படித்து முடிக்க இரண்டு மாதம் ஆகியிருந்தது. எல்லோருக்கும் பற்றிக்கொண்டு வந்தது நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்தான். அதில் கதாநாயகி, அழுகிற மூன்று மாதக் குழந்தையை அறையில் விட்டுக் கதவைப் பூட்டிவிட்டு, மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொள்கிறாள். ஒரு மணி நேரம்!

"பெத்த வயிறு பதற வேணாமா?" என்றார் தையல்காரர்.

"எழுதினவங்களைச் சொல்லணும்," என்றார் பேங்க்காரர்.

"இதைத் தேர்ந்தெடுத்தவங்களையும்தான் சொல்லணும்," என்றார் டீச்சர்.

தேர்ந்தெடுத்தது நூலகர். அவளுக்குச் சுருக்கென்றது.

"அவளைப் பிடிக்கணும்னு இல்ல டீச்சர். புரிஞ்சாப் போதாதா?"

"புரிஞ்சு என்ன பண்றது? வீட்டுக்கு வீடு பூட்டு வாங்கறதா?"

எல்லோரும் சிரித்தார்கள். பலமாகச் சிரித்தவர், மருமகளையும் கூட்டி வந்திருந்த ஒரு மாமியார். உறுப்பினர் அவர்தான். மருமகள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடவே வருவாள், பின் வரிசையில் உட்கார்ந்து சாமியாடுவாள். தூக்கம், வேறென்ன!

கூட்டம் கலைந்ததும் அந்தப் பெண் மெல்ல நூலகரிடம் வந்தாள்.

"அக்கா, அந்தப் புத்தகத்தை நான் எடுத்துட்டுப் போகலாமா? அத்தை வீட்டுக்குக் கொண்டாந்தப்ப, இவனைத் தோள்ல போட்டு நின்னுக்கிட்டே அந்தப் பக்கம் வரைக்கும் படிச்சேன்."

"தாராளமா. ஏம்மா, உடம்பு சரியில்லையா?"

"தூங்கி எத்தனை நாளாச்சுன்னே தெரியல அக்கா. இவன் அழ ஆரம்பிச்சா எனக்குப் பயமா இருக்கு. இவனைப் பார்த்து இல்ல, என்னைப் பார்த்து." அவள் குரல் இறங்கியது. "என்னை மாதிரி இன்னொருத்தி இருக்காளான்னு பார்க்கணும்."

நூலகர் சட்டென்று எழுந்தாள். புத்தகத்தை எடுத்து நீட்டினாள். நடுவில் ஒரு கை வந்து அதைப் பிடுங்கியது.

டீச்சர்! பின்னாலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"பச்சைக் குழந்தைக்காரி படிக்கிற புத்தகமா இது? என் பேர்ல போடுங்க. இது என் வீட்லயே கிடக்கட்டும்."

"டீச்சர்னா டீச்சர்தான்!" என்று மாமியார் பூரித்துப்போனார்.

மருமகள் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு போனாள். அந்த முகத்தைப் பார்த்த நூலகருக்கு டீச்சரை நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும்போல இருந்தது. ஆனால் விதி விதிதான். உறுப்பினர் கேட்டால் கொடுத்தாக வேண்டும்.

பதினைந்து நாள் கழித்து டீச்சர் போன் செய்தார். "புதுப்பிச்சிடுங்க." அடுத்த பதினைந்து நாளிலும் அதே போன். சனிக்கிழமை கூட்டத்துக்கும் மாமியார் தனியாகத்தான் வந்தார். நூலகர் பல்லைக் கடித்துக்கொண்டு பதிந்தாள். அந்தப் பெண்ணை நினைத்தால் சோறு இறங்கவில்லை. ஒரு புத்தகத்தைக்கூட அவளுக்கு விட்டுவைக்காத மனுஷியும் ஒரு மனுஷியா!

ஆறு வாரம் கழித்துப் புத்தகம் வந்தது. கொண்டுவந்தவர் மாமியார்.

"டீச்சர் கொடுத்தனுப்பினாங்க. பாவம், எங்க வீட்டுக்கும் இங்கயும் எத்தனை தடவைதான் நடப்பாங்க?"

"உங்க வீட்டுக்கா?"

"தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு டாண்ணு வந்துடறாங்களே! எப்படி இருக்கக்கூடாதுன்னு இந்தப் புத்தகத்தை என் மருமக கையில கொடுத்துட்டு, மறுநாள்லேர்ந்து குழந்தையை எப்படி வளர்க்கணும்னு பாடம் எடுக்கிறாங்க. கதவைச் சாத்திட்டு ஒரு மணி நேரம். நான்கூட உள்ளே போகக்கூடாது. நல்லாக் கண்டிச்சுச் சொல்றாங்கபோல. பொண்ணு இப்ப முகம் தெளிஞ்சு சிரிக்கிறா!"

நூலகருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. வழக்கம்போலப் பக்கங்களைப் புரட்டினாள். புத்தகத்தில் பென்சில் பட்டால் உறுப்பினர் அட்டை ரத்து. அவள் வைத்த சட்டம் அது. ரப்பரும் கையுமாகத்தான் எப்போதும் உட்கார்ந்திருப்பாள். கிறுக்குகிறவர்கள் இரண்டு பேரைப் பிடித்துக் கொடுத்ததே டீச்சர்தான்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கை நின்றது. ஓரத்தில் பென்சில் எழுத்து. கரும்பலகையில் எழுதி எழுதிப் பழகிய, குண்டு குண்டான எழுத்து.

"நானும் ஒரு நாள் இப்படிப் பூட்டிட்டுப் படியில உட்கார்ந்தேன். முப்பத்தஞ்சு வருஷமா யார்கிட்டயும் சொன்னதில்லை. அன்னைக்கு எனக்குன்னு யாரும் வரலை. நாளையிலேர்ந்து நாலு மணிக்கு நான் வரேன். குழந்தையை என்கிட்ட கொடுத்துட்டு நீ தூங்கு."

நூலகர் அதை இரண்டாம் முறையும் படித்தாள்.

"என்ன, அப்படிப் பார்க்கறீங்க?" மாமியார் எட்டிப் பார்த்தார். "யாராவது கிறுக்கி வெச்சிருக்காங்களா?"

நூலகர் புத்தகத்தைப் பட்டென்று மூடினாள். ரப்பரை டிராயருக்குள் போட்டாள்.

"ஒரு புள்ளிகூட இல்லைங்க."