பட்டியலில் ஏறிய தோட்டக்காரர்

முப்பது வருடம் தவறாமல் பூங்காவில் தென்பட்டதால், உயிரினங்களைக் கணக்கெடுத்த இயந்திரம் தோட்டக்காரர் ஏகாம்பரத்தையும் அணிலோடு சேர்த்துப் பட்டியலில் ஏற்றிவிட்டது. புதிய சட்டப்படி, பட்டியலில் உள்ள எதையும் பூங்காவை விட்டு வெளியேற்றக் கூடாது. ஓய்வு பெற்று, கழுத்தில் மாலையோடு கிளம்பியவரை வாசலிலேயே மறித்துவிட்டார்கள்.

மறுநாள் மதியம் மனைவி குணசுந்தரி கேரியரோடு வந்தாள். அதிகாரி அறிவிப்புப் பலகையைக் காட்டினார்.

“சாப்பாடு போடக் கூடாதும்மா. போட்டுப் பழக்கினா அது தானா இரை தேடாது.”

“அது தானா தண்ணிகூட மொண்டு குடிச்சதில்ல சார்.”

சற்று யோசித்தவள் கேரியரைச் சிமெண்ட் பெஞ்சில் வைத்தாள். “நான் யாருக்கும் போடல. மறந்து வெச்சுட்டுப் போறேன்.”

நாலடி நடந்தவள், ஏகாம்பரம் நின்றிருந்த மரத்தின் மேலிருந்த அணிலைப் பார்த்துச் சொன்னாள்: “ரசம் கீழ் அடுக்குல இருக்கு. ஆட்டாம தொறக்கணும்.”