வேலி தாண்டி வந்தவன்

கையில் உருட்டுக்கட்டையோடு வேலியைத் தாண்டிக் குதித்த நேனுவைப் பார்த்ததும் கிளைவுக்குத் தலைக்கு ரத்தம் ஏறியது. கொட்டகையில் கோழிக் கூளத்தைக் கிளறிக்கொண்டிருந்தவன், மண்வெட்டியோடு அப்படியே வெளியே பாய்ந்தான்.

"நில்லுடா அங்கேயே! ஒரு அடி எடுத்து வெச்சே, மண்டையைப் பொளந்துடுவேன்!"

நேனு நிற்கவில்லை. மூச்சிரைக்க எதையோ கத்திக்கொண்டு, நேராகக் கொட்டகையைப் பார்த்தே ஓடிவந்தான். நாற்பதாயிரம் கோழிகளும் ராட்சத மின்விசிறிகளும் போட்ட இரைச்சலில் ஒரு சொல்லும் காதில் விழவில்லை.

ஆஸ்திரேலியாவின் ஹாக்ஸ்பரி ஆற்றங்கரையில் வேலியை ஒட்டிய பண்ணை நேனுவுடையது. போன வாரம் அங்கே பறவைக் காய்ச்சல் புகுந்தது. சளிக்கும் கழிச்சலுக்கும் தண்ணீரில் கலந்துவிடும் மருந்தெல்லாம் இதனிடம் செல்லாது. வெள்ளை உடுப்பு அரசாங்க ஆட்கள் வந்து, இருந்த கோழிகளையெல்லாம் ஒன்று விடாமல் புகை போட்டுக் கொன்றார்கள்.

கிளைவ் அன்றிலிருந்து தூங்கவில்லை. நோயைச் சுமந்து வரும் காட்டு வாத்தின் எச்சம் காலணியில் ஒட்டி உள்ளே போனால் போதும், அவன் கதையும் முடிந்தது. தன் குளத்தில் இறங்கும் வாத்துகளை இன்று காலையிலும் சுட்டு விரட்டியிருந்தான்.

'உனக்கு மட்டும் ஏண்டா வரல?' என்று முந்தாநாள் வேலியோரம் நின்று நேனு அழுதது இப்போது நினைவுக்கு வந்தது. தான் கெட்ட குரங்கு வனத்தையும் கெடுக்க வருகிறது!

"ரஸ்டி! பிடி அவனை!" என்று வேட்டை நாயைக் கூப்பிட்டான். நாயைக் காணோம். தின்ற தீனிக்காவது வந்து குரைத்திருக்கலாம், சனியன்.

மண்வெட்டிக் காம்பு நேனுவின் முழங்காலில் இறங்கியது. விழுந்தவன் எழுந்து, கிளைவைத் தள்ளிவிட்டு, மறுபடியும் வாசலுக்கே ஓடப் பார்த்தான். அடுத்த அடி வாயில் விழுந்தது. இரண்டு பற்கள் மண்ணில் தெறித்தன.

கிளைவ் அவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்தான். ரத்தத்தில் கை வழுக்கும் வரை குத்தினான்.

"என் கோழியும் சாகணுமா? அப்பதான் உன் வயித்தெரிச்சல் அடங்குமா?"

நேனு திருப்பி அடிக்கவில்லை. உடைந்த வாயால் என்னவோ உளறினான். அவன் கை மட்டும் கிளைவின் முதுகுக்குப் பின்னால், விரியத் திறந்து கிடந்த கொட்டகைக் கதவையே காட்டியது.

"இன்னும் உள்ள போகணுமா? ஆசை விடலையா நாயே?" கிளைவ் மறுபடியும் கையை ஓங்கினான்.

வீட்டிலிருந்து ஓடிவந்த அவன் மனைவி மார்னி, ஓங்கிய கையைப் பிடித்து இழுத்தாள். "விடு கிளைவ்! செத்துகித்துத் தொலைக்கப் போறான்! என்னவோ சொல்ல வர்றான், காது குடுத்துக் கேளேன்!"

நேனு ஒரு வாய் ரத்தத்தைத் துப்பினான். வீங்கிய கண்ணிலிருந்து நீர் பொலபொலவென்று வழிந்தது. அடிபட்டதற்கு அழுகிறவன் போலத் தெரியவில்லை.

"உன் நாய்டா... நீ சுட்ட வாத்தைக் கவ்விக்கிட்டு, உன்னைத் தேடி உள்ள போயிடுச்சு."